கதிரை நிறுத்தும் வாயு

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவை 1969 பிப்ரவரியில் கொண்டுபோனதும் புற்றுநோய்தான். இதுபோன்ற மருத்துவமனைகளுக்குக் 'கரண்ட் வைக்க', அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வருகிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கும்: கதிர் சரியான அளவில் நிற்குமா? நியாயமான பயம்.

பழைய கோபால்ட் இயந்திரத்தில் கடிகாரமே போதும். கோபால்ட் எவ்வளவு கதிர் விடும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். லீனாக் எனப்படும் நேர்கோட்டு முடுக்கி அப்படியல்ல. எலெக்ட்ரான்களை முடுக்கி டங்ஸ்டன் மீது மோதவிட்டு அது உண்டாக்கும் எக்ஸ் கதிரின் செறிவு கொஞ்சம் ஏறும், இறங்கும். அதனால் கதிரையே அளக்க வேண்டும். அதைச் செய்வது இயந்திரத் தலைக்குள், கதிரின் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும் அயனி அறை.

உலோகம் பூசிய மெல்லிய தகடுகள், நடுவே வாயு, சில நூறு வோல்ட். கதிர் கடக்கும்போது வாயு மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்தெடுக்கப்படுகின்றன. அயனிகள் தகடுகளை நோக்கி ஓட, மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. காற்றில் ஒரு அயனி இணை உருவாகச் சராசரியாக 34 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகும். எனவே சேர்ந்த மின்னூட்டத்தைப் பார்த்தால் கதிர் விட்டுச்சென்ற ஆற்றல் தெரிந்துவிடும். அதை 'மானிட்டர் யூனிட்' என்று எண்ணுகிறார்கள். பொதுவாக, வரையறுத்த நிலையில் 100 யூனிட் என்பது 1 கிரே கதிர் அளவு. எண்ணிக்கை நிறைந்ததும் கதிர் துண்டிக்கப்படும். முதல் அறை தவறினால் நிறுத்த, தனிச் சுற்றோடு இரண்டாவது அறையும் உண்டு.

மூடி முத்திரையிடாத அறைக்கு வெயிலும் ஒரு பொருட்டு: வெப்பம் 3 டிகிரி ஏறினால் உள்ளே காற்று சுமார் 1 சதவீதம் மெலியும், எண்ணிக்கையும் குறையும். ஆகவே வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் திருத்தம் போட வேண்டும். மருத்துவ இயற்பியலாளர்கள் நீர்த்தொட்டிக்குள் 0.6 கன செ.மீ. கொள்ளளவே உள்ள தனி அயனி அறையை இறக்கி லீனாக்கின் கணக்கைச் சரிபார்ப்பதும் உண்டு. நோயாளி கண்ணில் படாத இந்த வேலைக்கு நாம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அயனி அறைக்கும் எல்லை உண்டு. கதிர் மிதமிஞ்சிச் செறிந்தால் அயனிகள் தகட்டை எட்டுமுன்பே மீண்டும் சேர்ந்துவிடும். எண்ணிக்கை குறைவாகத் தெரியும். 1986-இல் டெக்சாஸின் டைலர் நகரில் மென்பொருள் பிழையால் தெராக்-25 இயந்திரம் கொடிய அளவு கதிரைப் பாய்ச்சியது. அதன் அறைகள் நிரம்பித் திணற, திரையோ டோஸ் குறைவென்று காட்டியது.

சென்னை தரமணியில் 2019-இல் தொடங்கிய புரோட்டான் சிகிச்சை மையத்தில் புரோட்டான் கற்றையே இத்தகைய அறைகளைக் கடந்து வருகிறது. புற்றுக்கட்டியின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய எண்ணிக்கை நிறைந்ததும், காந்தங்கள் கற்றையை அடுத்த புள்ளிக்கு நகர்த்துகின்றன.