குற்றாலத்தில் ஒரு கல்லூரி, மூன்று பல்கலைக்கழகங்கள்

குத்துக்கல்வலசை, இலஞ்சி, தென்காசிப் பெண்பிள்ளைகள் பல தலைமுறையாகப் படித்துவரும் கல்லூரி, குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி. திருக்குற்றாலநாத சுவாமி கோயில் சார்பில் 1964இல் தொடங்கியது. அப்போது அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் (இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) உருவானதும் அதன் கீழ் வந்தது. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தபோது அங்கே சேர்ந்தது. கல்லூரி இடம் மாறவில்லை. பல்கலைக்கழகம்தான் அதை நோக்கி நெருங்கி வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்தது. பாடம் நடத்துவது கல்லூரி. பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தம், பட்டம் எல்லாம் பல்கலைக்கழகம். கல்லூரிகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தவரை இது சரியாக நடந்தது. ஊருக்கு ஊர் கல்லூரி வந்தபின், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அலுவலகம் தென்காசி மாணவியின் மதிப்பெண் பட்டியலைக் கையாள்வது பெரும்பாடானது. மதுரையும் பக்கமில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகத்துக்கோ காலையில் பஸ் ஏறினால் வேலையை முடித்துக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

புதிய பல்கலைக்கழகம் தன் மண்ணைப் பார்த்தும் வளர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், குமரிக் கடலோரத்தில் ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம் என்று ஆய்வை அதனதன் இடத்துக்கே கொண்டுபோனது. இதைத்தான் அதன் மிகச் சிறந்த முடிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த மாற்றம் தன்னாட்சி. கோத்தாரி கல்விக் குழு (1964-66) பரிந்துரைத்ததை, 1978இல் தமிழ்நாட்டின் சில கல்லூரிகள் முதலில் நடைமுறைப்படுத்தின. பராசக்தி கல்லூரியும் இன்று தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும்; பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். காகிதத்தில் இது எளிய நிர்வாக மாற்றம். ஆசிரியருக்கு அப்படியல்ல. யாரோ வகுத்த பாடத்தை நடத்திப் பழகியவர், எதைப் படிப்பிப்பது, ஏன் என்று தானே முடிவு செய்து, அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் ஒரு அரசாணையில் வந்துவிடாது. கற்பித்தவரே கேள்வி கேட்டு அவரே திருத்தினால் மதிப்பெண் தாராளமாகிவிடும் ஆபத்தும் உண்டு. பாடத்திட்டக் குழுவில் பல்கலைக்கழகப் பிரதிநிதியும் வெளி வல்லுநர்களும் இருப்பது ஒரு கட்டுப்பாடு.

மாணவர்களும் மாறிவிட்டார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதே ஆண்டு வந்த ‘நான் முதல்வன்’ திட்டம் வேலைத்திறன் பாடங்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. இவற்றின் துணையோடு வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவளுக்கு, அரியர் என்றால் என்ன, உள்மதிப்பீடு எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதைச் சொல்லித்தருவதும் கல்லூரியின் வேலைதான் என்ற எண்ணம் இன்னும் எல்லா இடத்திலும் வேரூன்றவில்லை.

பல்கலைக்கழகங்களுக்குப் பணம் தனிக் கவலை. தொலைநிலைக் கல்வி பல அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய வருமானமாக இருந்தது. மாநிலத்துக்கு வெளியே மையங்கள் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு கட்டுப்பாடு விதித்ததும் அது சுருங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊழியர் சம்பளமே தாமதமாகும் நிலை வந்தது. வருமான வழி ஒன்று அடைபடும்போது மாற்று ஏற்பாடு செய்யாத நிர்வாகமும், மானியத்தைத் தேவைக்கேற்ப உயர்த்தாத அரசும் இதற்குப் பொறுப்பு.

மகளைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் பெற்றோர் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிட வேண்டாம். தன்னாட்சிக் கல்லூரியா, பாடத்திட்டத்தைக் கடைசியாக எப்போது திருத்தினார்கள், மாணவியின் குறையைக் கேட்க யார் இருக்கிறார் என்பதையும் கேளுங்கள்.