பொது சுகாதாரத்தில் டாக்டர் பட்டமா? கொஞ்சம் பொறுங்கள்!

"எம்.பி.ஹெச். முடிச்சாச்சு. அடுத்து டாக்டர் பட்டம்தான்!" என்கிறாளா உங்கள் மகள்? சந்தோஷம். ஆனால், கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள்.

முதலில், எதற்காகப் படிக்கிறோம்? ஆராய்ச்சி, பேராசிரியர் வேலை என்றால் பிஹெச்.டி. சுகாதாரத் திட்டங்களைத் தலைமையேற்று நடத்த 'டாக்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்' என்ற பட்டம் அமெரிக்காவில் பிரபலம். நம் நாட்டில் பெரும்பாலும் பிஹெச்.டி.தான். எதைப் படித்தாலும் ஸ்டெதஸ்கோப் மாட்டி வைத்தியம் பார்க்க முடியாது!

அடுத்தது இடம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், டெல்லி ஜே.என்.யு.வின் சமூக மருத்துவ மையம் போன்றவை பெயர் பெற்றவை. அங்கே உங்கள் மகளுக்குப் பிடித்த தலைப்பில் வழிகாட்டி இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். 2022-ம் வருட யு.ஜி.சி. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது. ஓய்வுபெற 3 வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புதியவர்களைச் சேர்க்கவும் கூடாது. அவரிடம் இப்போது படிக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். "எத்தனை வருஷமாச்சு? ஃபீல்டு வேலைக்குப் பணம் கிடைக்குதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

குறைந்தது 3, அதிகபட்சம் 6 வருடப் படிப்பு இது. பெண்களுக்கு மேலும் 2 வருடச் சலுகையும், 240 நாள் வரை பிரசவ விடுப்பும் உண்டு. கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். யு.ஜி.சி.யின் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

"வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிஹெச்.டி." என்ற விளம்பரமா? வேண்டவே வேண்டாம். அதை யு.ஜி.சி. ஏற்பதில்லை!