அடுத்த மரத்துக்கு எப்போது போவது?

ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் காடும் ஒரு வருமானம். தேன், புளி, கடுக்காய், நெல்லி எனப் பருவத்துக்கு ஒன்று. நெல்லி பறிக்கப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். கைக்கெட்டும் கிளைகளில் காய் மளமளவென்று சேரும். பிறகு உச்சாணிக் கொம்பில் நாலைந்துதான் மிஞ்சும். அதற்கும் ஏறுவதா, விட்டுவிட்டு அடுத்த சரிவுக்கு நடப்பதா?

இதற்கு எரிக் சார்னோவ் என்ற உயிரியலாளர் 1976இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மரத்தில் காய் கிடைக்கும் வேகம், காடு முழுக்கச் சுற்றினால் கிடைக்கும் சராசரி வேகத்துக்கு இறங்கியதுமே கிளம்பிவிட வேண்டும். மனிதர்களுக்கு அது எளிதில் வருவதில்லை. இருக்கும் இடத்திலேயே கூடுதலாகத் தங்கிவிடுகிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பராக் குழுவினர் 457 பேரை இணையவழியில் ஒரு பழம் பறிக்கும் விளையாட்டை ஆடச் சொன்னார்கள். எட்டு நிமிடம். புதரில் பழம் குறையக் குறைய அங்கேயே பறிக்கலாம். அல்லது சில நொடிகளை இழந்து அடுத்த புதருக்குப் போகலாம். கூடவே ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கம் பற்றிய கேள்வித்தாளும் உண்டு. அறிகுறிகள் அதிகம் என்று பதில் தந்தவர்கள் சீக்கிரமே புதர் மாறினார்கள். அதிகப் பழம் சேர்த்ததும் அவர்கள்தான். முடிவுகள் 2024இல் வெளிவந்தன.

கேள்வித்தாள் மருத்துவரின் நோயறிதல் ஆகாது. கணினித் திரையும் காடாகாது. ஆனாலும் இந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான்’ என்ற புகாரை ஐந்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, உட்காராமல் எழுந்து போவதே சரியான விடையாக அமையும் சூழலும் உண்டு என்று அது சொல்கிறது.

கென்யாவின் அரியால் மக்களிடம் 2008இல் நடந்த ஆய்வும் இதே திசையில் போகிறது. ஏ.டி.ஹெச்.டி.யோடு தொடர்புபடுத்தப்படும் டோப்பமைன் ஏற்பி மரபணு ஒன்றின் குறிப்பிட்ட வடிவம், கால்நடைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த ஆண்களிடம் நல்ல உடல் எடையோடு சேர்ந்து காணப்பட்டது. ஊரில் நிலைத்துவிட்டவர்களிடம் அந்தப் பலன் இல்லை. இதைக் கொண்டு காட்டு மக்களெல்லாம் பிறவியிலேயே நிலைகொள்ளாதவர்கள் என்று பேசினால் அபத்தம். நெல்லிக்கு மரம் மாறுகிறவரேதான் சாமைக் கொல்லையில் மணிக்கணக்காகக் குனிந்து களையெடுக்கிறார். தவிர, ஏ.டி.ஹெச்.டி. ஒரே மரபணுவின் வேலையும் அல்ல. 2023இல் வந்த பெரிய ஆய்வு, அதோடு தொடர்புள்ள 27 மரபணுப் பகுதிகளை அடையாளம் காட்டியது; ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

ஏ.டி.ஹெச்.டி. என்பது கவனமே இல்லாத நிலை அல்ல. பிடித்த வேலையில் பசி மறந்து மூழ்குகிறவர்தான் மின்கட்டணத்தை மூன்று மாதம் மறக்கிறார். கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் சிக்கல். பலர் இதை மறைத்தே வாழ்கிறார்கள்: தாமதமாகிவிடும் என்ற பயத்தில் ஒரு மணி நேரம் முன்பே போய்க் காத்திருப்பது, கேட்காமல் விட்ட பேச்சுக்குத் தலையாட்டுவது. பெண்கள் இன்னும் நன்றாக மறைக்கிறார்கள். துள்ளாமல், பேசாமல், கனவில் இருக்கும் சிறுமியை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை.

‘மருந்து எடுத்தால் நான் நானாக இருப்பேனா?’ நியாயமான பயம்தான். மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள் மூளையில் டோப்பமைனும் நார்அட்ரினலினும் கூடுதல் நேரம் வேலைசெய்ய விடுகின்றன. பசி குறையலாம், தூக்கம் கெடலாம். அதனால் மருத்துவரின் கண்காணிப்பு தேவை. ஆனால் தொடங்கிய வேலையை முடிக்க முடிகிறபோது ஒருவரின் சுயம் தொலைவதில்லை என்றே நினைக்கிறேன். மறைப்பதற்குச் செலவான சக்தி அவருக்கே மிஞ்சுகிறது. எழுந்து நடமாட முடிகிற வேலை, வேலையைச் சிறு துண்டுகளாக்குவது, வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது: இவையும் மருந்தைப் போலவே அவசியம்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி.யும் இருக்கிறது. அதற்கான பரிசோதனைக் குழு ஜவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் போகும்போது, கண்ணையும் பல்லையும் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அடங்காதவன் என்று பெயரெடுத்த சிறுவனோடு, கடைசி வரிசையில் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும் சிறுமியையும் ஆசிரியர்கள் அந்தக் குழுவின் முன் அழைத்துவர வேண்டும்.