கம்பியில்லா மின்னேற்றமும் பயனுறுதிறன் கணக்கும்

சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே மின்கம்பங்களில் ஏற்றப்பட்டிருக்கும் மின்மாற்றியினுள் இரு கம்பிச்சுருள்கள் உள. ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சக்தி செல்வது காந்தப் புலத்தின் வாயிலாகவேயாகும். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே இரும்பு வளையமொன்றில் இரு சுருள்களைச் சுற்றிக் கண்டறிந்த தத்துவம் இது. மின்வாகனங்களுக்குக் கம்பியின்றி மின்னேற்றும் சாதனமும் இதனையே பயன்படுத்துகிறது.

ஆயினும் பெரியதொரு வேற்றுமை உண்டு. மின்மாற்றியில் இரு சுருள்களையும் இரும்பு உள்ளகம் பிணைத்து நிற்பதால், ஏற்கும் சக்தியில் நூற்றுக்குச் சுமார் 98 பங்கு மறுபுறம் சேருகிறது. வாகனத்திலோ, தரைச் சுருளுக்கும் வாகனத்தின் அடிப்புறச் சுருளுக்கும் நடுவே வெறும் காற்று. மறு சுருளை அடையாத காந்தப் புலம் முழுவதும் வெளியில் சிதறி வீணாகிறது என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. அதன் பெரும்பகுதி முதற் சுருளுக்கே மீண்டுவிடும். பிணைப்புத் தளர்ந்த நிலையில் அதே சக்தியை அனுப்புவதற்கு மிகுதியான மின்னோட்டத்தைச் செலுத்த நேர்கிறது. அதனால் சுருளும் துணைக் கருவிகளும் சூடேறுகின்றன. நட்டம் அந்த வெப்பமே.

திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனமும் நாகபுரி விசுவேசுவரய்யா தேசியத் தொழில்நுட்பக் கழகமும் கூட்டாக உருவாக்கிய 1.5 கிலோவாட் சாதனம் 2025இல் அறிவிக்கப்பெற்றது. சுருள்கள் 12.5 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும்போதும் அதன் பயனுறுதிறன் சுமார் 89 சதவிகிதம் வரை இருக்கும் எனக் கூறப்பட்டது. பாராட்டத்தக்க அளவுதான். எனினும் ‘வரை’ என்னும் சொல் உச்ச அளவைக் குறிப்பதேயன்றி அன்றாட அளவைக் குறிப்பதன்று. வாகனங்களுக்கான ஜே-2954 என்னும் பன்னாட்டுத் தரவிதியே, சுருள்கள் நேராக அமைந்தால் 85 சதவிகிதமும், விலகி நின்றால் 80 சதவிகிதமும் போதுமென்கிறது. மலைச்சரிவில் இரவு நேரத்தில் வண்டியை நிறுத்துபவர் நாள்தோறும் சுருளுக்கு நேராகவே நிறுத்துவார் என்று எவர் உறுதி கூறவியலும்?

சேமக்கலத்துக்கு 4.32 யூனிட் சேரவேண்டுமெனக் கொள்வோம். 89 சதவிகிதமாயின் மின்தொடரிலிருந்து 4.85 யூனிட் எடுக்கப்படும். 80 ஆயின் 5.4. ஆண்டில் 300 நாள் மின்னேற்றினால் வேற்றுமை ஏறத்தாழ 165 யூனிட். உபயோகம் கூடக்கூட யூனிட்டின் விலையும் கூடும் கேரளத்து வீட்டுக் கட்டண முறையில் இது சிறு தொகையன்று.

ஆதலின், விற்பனையாளர் கூறும் எண் எவ்விடத்திலிருந்து எவ்விடம் வரை அளந்தது என்று முதலிற் கேட்டல் வேண்டும். சுருளிலிருந்து சுருள் வரை மட்டும் அளந்த எண் எப்பொழுதும் அழகாகவே இருக்கும். மின்னோட்டத்தை மாற்றும் கருவிகளின் நட்டம் அதிற் சேராது.

பள்ளியில் இதனைக் கைப்பேசியைக் கொண்டே சோதிக்கலாம். மின்சார மீட்டரில் விட்டுவிட்டு ஒளிரும் சிறு விளக்கு, யூனிட்டுக்கு எத்தனை முறை ஒளிரும் என்பது அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்றிருப்பின், 10 வாட் எடுக்கும் கருவி இரண்டு மணி நேரத்தில் 64 துடிப்புகளைத் தரும். பிற உபகரணங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, கைப்பேசியை 20 சதவிகிதத்திலிருந்து 80 வரை முதலில் கம்பி வழியாகவும், பின்னர் மின்னேற்றுத் தட்டின் மீதும், மூன்றாவதாகத் தட்டில் விரலளவு விலக்கி வைத்தும் ஏற்றித் துடிப்புகளை எண்ணுக. தட்டின் மேல் ஒன்றும் வையாமல் ஒரு மணி நேரம் எண்ணிப் பார்ப்பதும் பயன்தரும்.