முசஃபாவில் காற்று அளக்கும் சாரதி

அபுதாபித் தீவிலிருந்து பாலங் கடந்து பெருநிலத்திற்கு வந்தால், திருத்தகங்களும் ரயர்க் கடைகளும் நிறைந்த முசஃபாக் கைத்தொழிற் பகுதியை அடையலாம். அங்கேதான், நிலத்திலும் நீரிலும் ஓடும் எட்டுச் சில்லு வாகனம் ஒன்றிற்கு ரயர் தேடி வந்திருந்த மன்னார்ச் சாரதி ஒருவரைச் சந்தித்தோம். கடைக்காரர் காட்டிய பருத்த ரயர்களை அவர் ஏற்கவில்லை.

"அண்ணை, இதுக்குப் பல்லைவிடக் காத்துத்தான் முக்கியம்" என்றார்.

அவர் கூற்றின் பொருள் இக்கரையின் மண்ணில் இருக்கிறது. 'சப்கா' என அரபியர் அழைக்கும் உவர்நிலம் மேலே உப்பேறி இறுகியிருக்கும். அடியிலோ உவர்நீர் ஊறிய சேறு. மேலோடு உடைந்தால் வாகனம் அச்சுவரை புதையும். சாதாரணக் காரின் ரயரில் சதுர அங்குலத்திற்கு முப்பது இறாத்தலுக்கு மேல் காற்று இருக்கும். ஈரூடக வாகனத்திற்கோ ஏறக்குறைய மூன்று இறாத்தலே போதும். மனிதப் பாதம் நிலத்தை அழுத்துவது இதைவிட அதிகம்! அரை இறாத்தல் பிசகினாலும் வேறுபாடு தெரியுமாதலால், எரிபொருள் நிலையத்து அளவுமானி இதற்கு உதவாது. தாழ்ந்த அழுத்தத்தை அளக்கும் கருவி வேண்டும்.

எம்மவர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோவில் 1960களிலிருந்து உருவாகிவரும் 'ஆர்கோ' இவ்வகையில் பெயர்பெற்றது. நீரில் அதன் சில்லுகளே துடுப்புகள். ரயரின் குறுக்குப் பற்கள் நீரைத் தள்ளுகின்றன. அதே பற்கள் தார்வீதியில் விரைவில் தேயும். ஆகவே வீதியில் அதனை இழுவைவண்டியில் ஏற்றிச் செல்வதே நன்று. உவர்நிலத்திலிருந்து மீண்டதும் நன்னீரால் கழுவாவிடின், ரயர் பொருந்தும் விளிம்பை உப்பு அரித்துக் காற்றைக் கசியவிடும்.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஈரூடக வாகனமான 'டக்'கில், சாரதி இருக்கையிலிருந்தவாறே ரயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதியிருந்தது. வளைகுடாவில் பிக்கப் ஓட்டும் எம் பிள்ளைகளுக்கு அவ்வசதி ஏது? மணலில் இறங்குமுன் காற்றைப் பதினைந்து இறாத்தலளவிற்குக் குறைக்க எல்லோருக்கும் தெரியும். வீதிக்கு ஏறுமுன் மீண்டும் நிரப்புவதிலேதான் உயிர் தங்கியிருக்கிறது. காற்றுக் குறைந்த ரயர் வேகத்தில் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து நிமிர்ந்து, சூடேறி வெடிக்கும். நாம் முன்னர் கற்பித்த மாணவர் ஒருவர் இவ்வாறே கவிழ்ந்து, இன்று ஊன்றுகோலுடன் நடக்கிறார். அவரது நிறுவனம் ஒரு காற்றுப்பம்பிகூடக் கொடுத்திருக்கவில்லை. அதன் விலை அவரது ஒருமாத மருந்துச் செலவிற்கும் குறைவு.

வீதி ரயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களையும் பார்க்கவேண்டும். '2319' எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது. பல் தேயாதிருந்தாலும் வெயிலில் இறப்பர் முதுமையடையும். காற்றை அளப்பதும் காலையில், ரயர் குளிர்ந்திருக்கையில்தான். சூட்டில் ஏறிய அழுத்தத்தைக் கண்டு காற்றைத் திறந்துவிடுவது பெருந்தவறு.

மன்னார்ச் சாரதி எட்டு ரயர்களுக்கும் காற்றடிப்பித்து, ஒவ்வொன்றின் சுற்றளவையும் நூலால் அளந்தார். பக்கத்திற்கு நான்காகச் சங்கிலியால் பிணைந்த சில்லுகளில் ஒன்று பெருத்தாலும் சங்கிலி இழுபடுமாம். ஒன்று ஒரு விரற்கடை கூடியிருந்தது. அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் முணுமுணுத்தபடி வேறொன்றை எடுக்க உள்ளே போனார்.