மழைக்கோட்டு வாங்கும் முன்



ஜூன் பிறந்தால் நம் காமயகவுண்டன்பட்டியில் காற்றுதான் பலமாக அடிக்கும். மழை என்று பார்த்தால் சாரல்தான். மேற்கே மலை மறித்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதே நேரத்தில் கம்பம்மெட்டு தாண்டி வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு நாள் முழுக்க நனைச்சல். கம்பம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். வண்டன்மேடு 1,000 மீட்டருக்கும் மேலே. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குளிர் கூடும் என்பது கணக்கு. அதன்படி இங்கே வீட்டில் இருப்பதைவிட அங்கே நான்கு டிகிரியாவது குறைவு. நனைந்த உடம்பில் மலைக்காற்றும் பட்டால் அது இன்னும் கூடுதலாக உறைக்கும். நாமோ கீழே இருக்கும் வானத்தைப் பார்த்துக் கோட்டு வாங்குகிறோம். அதைப் போட்டுக்கொள்வது மேலே.

இந்த ஆண்டு நம் அறக்கட்டளையின் மழைக்கால உதவியாக, விடியற்காலை ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ரெயின்கோட்டு கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. ஜமாஅத்தார் கொடுத்த பணம் என்பதால் கடை கடையாக விசாரித்தோம், துணியைப் பற்றி அறிந்தவர்களிடமும் கேட்டோம். அதில் தெரிந்துகொண்டது, சொந்தக் காசில் வாங்கும் குடும்பங்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் நல்ல ஜெர்கின் கல்லூரிக்குப் பைக்கில் போகும் பையனிடம் இருக்கிறது. மலைக்குப் போகும் அம்மாவிடம் இருப்பது உரச்சாக்கைப் பிரித்து மடித்த கொங்காணி, இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் தாள். கொங்காணியைக் குறைசொல்ல மாட்டோம். தலைமுறைகளாக நம் பக்கத்து ஏழைகளின் மழைக்கோட்டு அதுதான். ஆனால் குனிந்தால் நழுவும், காற்றுக்குத் தூக்கும், ஒரு கை எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏலக்காயோ செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்ப்பது. பறிப்பவர் குத்தவைத்துக் குனிந்தே இருக்க வேண்டும். அறுவடை தொடங்குவதும் மழை மாதங்களில்தான். ஆக, வீட்டிலேயே மிக நல்ல கோட்டு தேவைப்படுகிறவர் யார் என்பதை அத்தாமார்கள் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

துணியில் தண்ணீர் புகாமல் செய்யும் முயற்சி நெடுநாளாக நடப்பது. 1823-இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மேக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைக் கரைத்துப் பூசிக் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் 1920-இல் கல்கத்தாவில் தொடங்கிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப் நிறுவனத்தின் ‘டக்பேக்’ கோட்டுகள் பல தலைமுறைக்குப் பழக்கம். இன்று நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் கோட்டு. மற்றது, பாலியஸ்டர் அல்லது நைலான் துணியின் உட்புறம் பாலியூரித்தேன் பூசியது. இரண்டிலும் தண்ணீரை நிறுத்துவது அந்தப் பூச்சுதான். வெளியே தெரியும் நிறத்துக்கும் எழுத்துக்கும் அதில் வேலையே இல்லை.

கடையில் கோட்டை எடுத்தவுடன் உட்புறத்தை வெளியே திருப்புங்கள். நாங்கள் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது இதைத்தான். தையல் ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு துளை. துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் தோள், கக்கம், தலைமூடி சேருமிடம் ஆகிய தையல்கள் வழியாகத் தண்ணீர் கசியும். அதை அடைக்கத் தையல் நெடுக, விரல் அகலத்தில், கண்ணாடிபோன்ற பட்டையைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். பட்டை இருக்கிறதா, எல்லாத் தையலிலும் இருக்கிறதா, நகத்தால் மெல்லத் தூக்கினால் உரிகிறதா என்று பாருங்கள். சில கோட்டுகளில் தோளில் மட்டும் ஒட்டிவிட்டுக் கக்கத்தில் விட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் விலைப்பேச்சுக்கே போக வேண்டாம். பிறகு துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு அந்தப் பக்கம் போனால் அது மழைக்கு ஆகாது.

அடுத்தது ஜிப்பு. ஜிப்பின் பல்லிடுக்கில் தண்ணீர் இறங்கும் என்பதால் அதை மூடும் மடிப்புப் பட்டி ஒன்று வெளியே வேண்டும்; பொத்தானோ ஒட்டுப்பட்டையோ வைத்து அது மூட வேண்டும். தலைமூடியில் இழுத்துக் கட்டக் கயிறு இருக்கட்டும். மணிக்கட்டிலும் ஒட்டுப்பட்டை இருந்தால் நல்லது. இறுக்கிக்கொண்டால் தண்ணீர் முழங்கைக்கு ஓடாது, ஒளுவுக்குத் தளர்த்தி மடக்கவும் வசதி. தோட்ட வேலைக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளம் வேண்டும். கடையிலேயே போட்டுக்கொண்டு ஒருமுறை குத்தவைத்துப் பாருங்கள். முதுகுப்பக்கம் மேலே ஏறினால் அது ஏலம் பறிக்க ஆகாது. வெட்கப்பட வேண்டாம். காசு நம்முடையது.

விலை கூடிய கோட்டுகளின் அட்டையில் 2,000 மி.மீ., 5,000 மி.மீ. என்று எண் போட்டிருப்பார்கள். துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்பது அதன் பொருள். சாரலுக்கு 1,500 போதும். நாள் முழுக்க மழையில் நிற்பவருக்கு 5,000-க்குக் குறையாமல் பாருங்கள். அந்த எண் துணிக்கு மட்டும்தான், தையலுக்கு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். அமெரிக்காவில் 1969-இல் பாப் கோர் கண்டறிந்த பொருளைக் கொண்டு செய்யும் ‘கோர்-டெக்ஸ்’ துணி, மழையைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விடும். அதன் விலை ஆயிரக்கணக்கில். அந்தப் பெயர் தைத்த ஜெர்கின் தெருவோரக் கடையில் 600 ரூபாய்க்குத் தொங்கினால், உண்மையானது என்று எண்ணி வாங்க வேண்டாம். மலையேற்றக்காரர்கள் அணியும் வெளிநாட்டுப் பெயர்களுக்கும் இதேதான்.

நம் பிள்ளைகள் விரும்பிப் போடுவது இரண்டு. ஒன்று ஹூடி. பருத்தி ஹூடி மழையில் மிக மோசம்; தண்ணீரைக் குடித்துக் கனத்து, உடம்புச் சூட்டை உறிஞ்சி, காயவே காயாது. இன்னொன்று, கட்டம் கட்டமாகத் தைத்து உள்ளே பஞ்சு அடைத்த உப்பல் ஜெர்கின். காய்ந்த குளிருக்கு அது அருமையானது. அடைத்த பஞ்சுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உம்ரா போகிறவர்களுக்கு மதீனாவின் இரவுக் குளிருக்கு அது பொருத்தம். (இஹ்ராமில் இருக்கும் ஆண்கள் தைத்த உடை போட முடியாது என்பதால், அவர்கள் போர்வையைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.) மழைக்கு மட்டும் அது வேண்டாம். அந்தக் கட்டங்களின் தையல் முழுவதும் ஊசித்துளை. பஞ்சு நனைந்து கட்டிதட்டிவிட்டால் காற்று நிற்க இடமில்லை, சூடும் இல்லை.

மலைக்குப் போகிறவர் ஒரே தடித்த உடையை நம்புவதைவிட அடுக்கடுக்காகப் போடுவது நல்லது. உள்ளே சீக்கிரம் காயும் துணி, அதன்மேல் கம்பளி சுவெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே தொளதொளவென்று மழைக்கோட்டு. கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூட்டைப் பிடித்துவைக்கும். பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. பிளாஸ்டிக் கோட்டில் உள்ளே வியர்த்துக் கொட்டும் என்பது உண்மைதான். அசையாமல் பறிக்கும் வேலைக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சுமை தூக்கி ஏறுகிறவர்கள் கக்கத்தில் காற்றோட்டத் துளையுள்ள கோட்டாகப் பார்க்கட்டும். காலுக்குக் கம்பூட்ஸ், முழங்கால் வரை நெருக்கமான நெசவில் காலுறை. அட்டைப்பூச்சிக்கு இந்தக் காலுறைதான் முதல் காவல்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. 400 ரூபாய்க் கோட்டு ஒரு பருவம் தாங்கிக் கிழிந்தால் பருவத்துக்கு 400. 1,200 ரூபாய்க் கோட்டு நான்கு பருவம் வந்தால் பருவத்துக்கு 300. ஆனால் கூலிக்குப் போகும் வீட்டில் 1,200 ரூபாய் ஒரே நாளில் கையில் இருக்காது. ஏழைக்குச் சாமான் விலை கூடுவதே இப்படித்தான். நனைந்து காய்ச்சலில் படுத்தால் போகும் கூலியையும் மருந்துச் செலவையும் இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை. அறக்கட்டளை உதவ வேண்டிய இடம் இது என்று எங்களுக்குப் பட்டது. அதனால் அதிகம் பேருக்கு மலிவுக் கோட்டு கொடுப்பதைவிட, இந்த ஆண்டு குறைவான பேருக்கு நல்ல கோட்டு கொடுத்து, மீதிப்பேருக்கு அடுத்த ஆண்டு என்று வைத்திருக்கிறோம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக வந்து சொல்லலாம்.

கோட்டின் நெஞ்சில் அறக்கட்டளையின் பெயரைத் தைத்துக் கொடுக்கலாமே என்று சில சகோதரர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தோம். எம்பிராய்டரி ஊசி நூற்றுக்கணக்கான துளைகளை நெஞ்சிலேயே போடும். அதோடு, வாங்கியவர் தினமும் ஜீப்பில் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு உட்கார வேண்டுமா?

இப்படிச் சொல்வதால் அழகே தேவையில்லை என்று நாங்கள் சொல்வதாக எண்ண வேண்டாம். பார்க்கச் சகிக்காத கோட்டை வயசுப்பெண் வீட்டிலேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு போவாள். பெட்டியில் கிடக்கும் நல்ல கோட்டால் யாருக்குப் பயன்? தரம் சரியென்று பார்த்த பிறகு, நிறத்தைப் போடுகிறவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். கறுப்பும் கருநீலமும் விடியற்காலை மூடுபனியில் கண்ணுக்கே தெரிவதில்லை. குமுளி சாலையில் பைக் ஓட்டுபவருக்கும், இருட்டில் ஜீப்புக்காக ரோட்டோரம் நிற்பவருக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறமோ, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையோ உயிர்க்காவல். பைக்கின் பின்னால் உட்காரும் பெண்கள் புர்கா, துப்பட்டாவின் நுனியைக் கோட்டுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். கோட்டின் கீழ்ப்பகுதியையும் சக்கரத்துக்கு எட்டாமல் சுருட்டி உட்காருங்கள்.

முதலாளி கொடுக்க வேண்டியதையும் நாமே வாங்கிக்கொள்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றைத் தோட்ட உரிமையாளர் தர வேண்டும் என்று விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டம் பொதுவாக 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தியது. சிறுதோட்டங்களுக்குத் தினக்கூலியாக ஜீப்பில் போய்வருகிறவர்கள் அதற்கு வெளியேதான் நின்றார்கள். பெரிய தோட்டத்தில் நிரந்தரமாக வேலை செய்பவர்கள், மழைக்கோட்டு தருவீர்களா என்று மேஸ்திரியிடம் கேட்பதில் தவறில்லை. ஒருவராகக் கேட்பதைவிட ஜீப்பில் போகும் எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள்.

வாங்கிய கோட்டு நாளாகத் தாங்குவது வீட்டில் வைத்துக்கொள்வதைப் பொறுத்தது. ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் போட்டால் உள்பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். வெந்நீர், இஸ்திரி, கடும் வெயில் மூன்றும் வேண்டாம். சேற்றைப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் கொடியில் தொங்கவிடுங்கள். பருவம் முடிந்ததும் மடிக்காமல் ஆணியில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் கோட்டு மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். சின்னக் கிழிசலுக்கு ஊசி எடுக்காதீர்கள், துளைதான் கூடும். உட்புறம் ஒட்டும் பட்டை கடைகளில் கிடைக்கிறது.

மலை வேலைக்குப் போகும் தாய்மார்கள் மே மாத இறுதிக்குள் நம் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். உயரம், சேலையா சுடிதாரா, தோட்டத்தில் பறிப்பு வேலையா சுமை வேலையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோட்டு அதற்கேற்ப எடுக்கப்படும். நேரில் வரத் தயங்குபவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மூலம் சொல்லி அனுப்பினாலும் போதும். பெயர்கள் வெளியே வராது, இன்ஷா அல்லாஹ்.