முந்திக்கொண்ட கொள்கை

பாயசத்தில் மிதக்கும் முந்திரிக்கு 1970-களின் தொடக்கத்தில் உலகத் தலைநகரம் மொசாம்பிக். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், அப்போது போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்த இந்த நாட்டில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது. உலக விளைச்சலில் ஏறக்குறைய பாதி. இருபது ஆண்டுகளில் அது கால்பங்காகத் தேய்ந்துபோனது.

1975-இல் விடுதலை கிடைத்தது. போர்த்துகீசியக் கடைக்காரர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பினார்கள். கிராமத்தில் கொட்டையை வாங்கிக்கொண்டு துணியும் சோப்பும் கொடுத்தவர்கள் அவர்கள்தான். 1977-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில், முதலில் அண்டை நாடான ரொடீசியாவும் பிறகு தென்னாப்பிரிக்காவும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களுக்குத் துணை நின்றன. போரும் பஞ்சமும் சேர்ந்து சுமார் 10 லட்சம் உயிர்களைக் குடித்தன. சாலையில் கால்வைக்க முடியாத நாட்டில் கொட்டை பொறுக்கி யாரிடம் விற்பது? மரங்களைக் கவனிக்க ஆளில்லை. புதுக் கன்று வைப்பார் இல்லை, சாம்பல் நோயும் பரவியது.

1992-இல் ரோமில் சமாதானம் கையெழுத்தானது. கஜானா காலி, கடனும் உதவியும் இல்லாமல் அரசு நடக்காது. அந்த நேரத்தில் உலக வங்கி ஒரு நிபந்தனை வைத்தது: உடைக்காத கொட்டையின் மீதான ஏற்றுமதி வரியைக் குறையுங்கள். அதன் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. வரியால் கொட்டை விலை உள்ளூரில் அமுங்கிக் கிடக்கிறது, ஏழை விவசாயியின் வயிற்றில் அடித்துத் கொட்டை உடைக்கும் திறமையற்ற உள்ளூர் ஆலைகளை வாழவைக்கிறார்கள் என்றது. வரி படிப்படியாக 14 சதவீதத்துக்கு இறங்கியது. அப்போதுதான் அந்த ஆலைகளை அரசிடமிருந்து காசு கொடுத்து வாங்கியிருந்த தனியார் முதலாளிகள் திகைத்துப்போனார்கள்.

கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. இங்கே முந்திரி வரத்து ஓய்ந்திருக்கும் மாதங்களில் அங்கே அறுவடை. நம் ஆலைகளுக்கு வசதி. தவிர, பண்ருட்டிப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், அதையும் சகித்துப் பெண்கள் குந்தி உட்கார்ந்து பருப்பை முழுசாக எடுப்பார்கள். முழுப் பருப்புக்குத்தான் விலை. மொசாம்பிக்கின் பெரிய இயந்திரங்களோ நிறைய உடைத்துத் தள்ளின. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2001 வாக்கில் சுமார் 11,000 தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வேலை போயிருந்தது.

சரி, விவசாயிக்காவது கிடைத்ததா? மார்கரெட் மெக்மில்லன், டானி ரோட்ரிக், கேரன் வெல்ச் என்ற மூன்று பொருளியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். சராசரி முந்திரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 டாலர் சொச்சம். துறைமுகத்தில் ஏறிய விலையில் பெரும்பங்கு, குடிசைக்கு வந்து சேரும் முன்பே நடுவில் நின்ற வியாபாரிகளிடம் தங்கிவிட்டது. நாலு பேர் போட்டி போட்டு வாங்கும் சந்தை இருந்தால்தானே வரிக்குறைப்பு விவசாயி கைக்கு வரும்? அந்தச் சந்தையைப் போர் எப்போதோ அழித்துவிட்டது.

விவசாயிக்கு நம்பிக்கையும் இல்லை. முந்திரிக் கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டு பிடிக்கும். இந்தக் குறைந்த வரி அடுத்த ஆண்டும் இருக்குமா என்று தெரியாதவன் எதை நம்பிக் கன்று நடுவான்? அவன் சந்தேகம் பொய்க்கவில்லை: வரி மறுபடி 18 சதவீதமாக ஏறியது. பிறகு நம்மூர் பாணியில் கையால் உடைக்கும் சிறு ஆலைகள் நம்புலா மாகாணத்தில் முளைத்து, இழந்த வேலைகளில் ஒரு பகுதியை மீட்டன.

இப்போது மொசாம்பிக் என்றால் முந்திரி அல்ல, இயற்கை எரிவாயு. அது கிடைக்கும் கபோ டெல்காடோவில் 2017 முதல் மறுபடி சண்டை. அதுவும் முந்திரி மாகாணம்தான். நாளை அங்கே சமாதானம் வரும்போது ஆலோசகர்களும் கடனும் நிபந்தனைகளும் வரும். வரி எத்தனை சதவீதம் என்று பேசுவதற்கு முன், ஊருக்குச் சாலை இருக்கிறதா, சரக்கை வாங்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவர்கள் விசாரிக்க வேண்டும்.